அமிர்தியில் திருப்பி அனுப்பிய லாரி

வனத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் குழி எடுப்பதையும் நாற்று நடுவதையும் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் பயிற்சியில் வந்திருக்கும். அங்கே விட்டுப் போனதை உங்கள் காவலர்களே இரண்டு மழைக்குள் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது மலையேறாமல் திரும்பிப் போன ஒரு லாரியைப் பற்றி. என் பணிக்காலத்தில் எத்தனையோ நாற்று லாரிகளை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட இப்போது நினைத்துப் பார்ப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் விடமுடியவில்லை.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். படுக்கப் போகும் முன் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். மூன்றாவது தடவை பார்த்தோமா என்று சந்தேகம் வந்தால் எழுந்து போய் நான்காவது தடவை பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். வனவர் வேலைக்கு இது கெட்ட குணம் இல்லை. நாற்றை எண்ண வேண்டும், குழியை எண்ண வேண்டும், ஆளை எண்ண வேண்டும், எண்ணியதை மேலிடத்துக்கு எழுத வேண்டும். ஆனால் படிவத்தில் எழுதுவதற்குக் கட்டம் இல்லாத விஷயங்களும் நம் பொறுப்புதான். அதை எனக்குக் காட்டியவர் எங்கள் ரேஞ்சர். அவர் பெயரை எழுத மாட்டேன். உயிரோடு இருந்தால் எழுதியதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லியிருப்பார்.

எழுபதுகளின் கடைசி. வட ஆற்காடு மாவட்டம். ஜவ்வாது மலைமேல் ஒரு ஊரைச் சுற்றியிருந்த சரிவில் மரம் நட ஏற்பாடு. அந்தச் சரிவு ஊர் ஆடு மாடுகள் மேய்ந்த இடம். அதை விட்டுக் கொடுக்க ஊர்க்காரர்கள் சும்மா சம்மதிக்கவில்லை. பாதிக்கு மேல் புளி நட வேண்டும், காய்த்தால் பறிக்கிற உரிமை ஊருக்கு, என்று பேசித்தான் சம்மதித்தார்கள். ஊர்த் தலைவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லி ஆள் சேர்த்தார். சித்திரையிலேயே குழி எடுத்தாயிற்று. ஏழாயிரத்து இருநூறு குழி. இரண்டு தடவை எண்ணினேன். நாற்று மட்டும் கீழே, சமவெளியில் இருந்த எங்கள் நாற்றங்காலில் வளர்ந்தது. பாலிதீன் பையில் மண் நிரப்பிய நாற்று. தேக்கு மூவாயிரம், மற்றதெல்லாம் புளி.

நம் தொழிலில் ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறியது. வேரைச் சுற்றியிருக்கிற மண் உடையக் கூடாது. பையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கழுத்தில் பிடித்துத் தூக்கிய ஆளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறோம். மண் முழுசாகப் போனால் நாற்று பிழைக்கும் என்பதற்கு மேல் அந்த மண்ணைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

ஆடி மாதம் நல்ல மழை பிடித்தது. முதல் லாரி மலையடிவாரத்தில் இருக்கிற அமிர்திக்கு வந்தது. அதற்கு மேலே அப்போது ஜீப் மட்டுமே ஏறும். பாதி ஜீப்பிலும் பாதி தலைச்சுமையாகவும் கொண்டு போவதாக ஏற்பாடு. மலையிலிருந்து பெண்கள் கூடையோடு வந்து காத்திருந்தார்கள். முதல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்ட பச்சையம்மா பத்தடி போவதற்குள் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கழுத்தில் அறைந்துகொண்டாள்.

"ஐயையோ, இன்னா எழவுய்யா இது! நெருப்பக் கொட்டினாப்ல எரியுதே!"

"எறும்புக்கா இம்மாங் கூச்சல் போடற? புருசன் அடிச்சாக்கூட இப்படிக் கத்த மாட்டியே" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சிரித்தவளே அடுத்த நிமிடம் புடவையை உதறிக்கொண்டு குதித்தாள். "அடியே பச்ச, நீ சொன்னது நெசந்தாண்டி!"

ரேஞ்சர் வந்தார். கீழே விழுந்த பையை எடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மடக்குக் கத்தியால் பாலிதீனைக் கிழித்தார். மண்ணுக்குள்ளே, வேருக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகளும் முட்டைகளும். அதைச் சுற்றிச் சிவப்பு எறும்புகள். சிலவற்றுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. அவர் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டன. கையை உதறாமல் அந்தப் பெரிய தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எறும்பு மேல உங்க ஊர்ல இருக்குதாம்மா?"

"இல்லீங்களே சாமி. எங்க மலைல கட்டெறும்பு கீது, முசுறு கீது. இது இன்னா சாதியோ, நாங்க கண்டதே இல்ல."

அதற்குப் பிறகுதான் கையைத் தட்டிவிட்டார். "எறக்கினதை எல்லாம் திருப்பி ஏத்துங்க. ஒரு பைகூட இங்கே நிக்கக் கூடாது."

நான் கணக்குப் போட்டேன். மழை பிடித்திருக்கிறது. குழி தயார். பெரிய அதிகாரி ஆய்வுக்கு வரப்போகிறார். இலக்கு முடியாவிட்டால் ரேஞ்சர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டிய வருடமும் அதுதான்.

"சார், நம்ம நாற்றங்கால்ல இருக்கற எறும்புதானே? கமாக்சின் பூச்சி மருந்துத் தூள் போட்டா போய்டும்" என்றேன்.

"போட்டுக் காட்டு."

ஒரு பைமேல் தூளைக் கொட்டினேன். மேலே இருந்தவை செத்தன. கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு அவரே பையைக் கிழித்தார். அடியில் குஞ்சு, முட்டை, இறக்கை முளைத்த எறும்பு எல்லாம் அப்படியே இருந்தன.

லாரி டிரைவர் பாஷா பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் இதுக்குப் போய் யோசனை? ஆத்துல தண்ணி போவுது. மொத்தத்தையும் ஒரு முக்கு முக்கி எடுத்துடலாம். எறும்பு ஆத்தோட போய்டும், நாத்து மலைக்குப் போய்டும்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். காவலர்கள் கூடையோடு ஆற்றுப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ரேஞ்சர் மட்டும், "முதல்ல பீப்பாயில ஒண்ணைப் போட்டுப் பார்ப்போம்" என்றார். ஜீப்பில் குடிதண்ணீருக்கு வைத்திருந்த பீப்பாய். ஒரு பையை முழுக்க அமிழ்த்தினோம். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் மேலே வந்தன. வந்தவை சாகவில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடை மாதிரி ஆயின. குஞ்சுகளை நடுவில் வைத்துக்கொண்டு மிதந்தன. மிதந்து பீப்பாய் விளிம்பைத் தொட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வெளியே நடந்தன.

"யா அல்லா! இதுங்க கப்பல் கட்டுதுங்க சார்!" என்று பாஷா பாய் பின்னால் தாவினார்.

"கப்பல்லதான் இந்த நாட்டுக்கே வந்துச்சு பாய்" என்றார் ரேஞ்சர். "ஆத்துல விட்டிருந்தா, இது இன்னும் போகாத ஊருக்கெல்லாம் நாமளே அனுப்பி வெச்சிருப்போம்."

இளையவர்களே, அவர் கெட்டிக்காரர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மழை தலையில் கொட்டுகிறது, ஐம்பது பேர் சுற்றி நிற்கிறார்கள், எல்லாருக்கும் ஒரு வழி சரியென்று படுகிறது. அந்த நேரத்தில் ஒரு பீப்பாய்க்குக் காத்திருக்கிற பொறுமை எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வராது. வந்திருந்தால் நானும் ரேஞ்சராகி ஓய்வு பெற்றிருப்பேன்.

லாரி கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் முகம் சரியில்லையே. இலக்குதானே? இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் நடலாம். எறும்பு கீழ இருக்கற வரைக்கும்தான் நம்ம பேச்சு நடக்கும். ஒரு பை மேல போயிடுச்சுன்னா, அப்புறம் அதைத் தடுக்க நீயும் நானும் யாரு?"

மறுநாள் ஊர்த் தலைவர் மலையிறங்கி நாற்றங்காலுக்கே வந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரமான ஆள். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"இன்னாங்க ரேஞ்சரய்யா, எறும்புக்குப் பயந்து லாரியத் திருப்பிட்டீங்களாமே? யானை வந்தாக்கூட நாங்க தப்பட்ட அடிச்சித் தொரத்துறோம். சர்க்காரு எறும்புக்கு ஓடுது."

"உக்காருங்க கவுண்டரே."

"உக்கார வர்ல. ஊரு பூரா என்னாண்ட வந்து நிக்குது. ஆடு மேய்க்கிற எடத்த என் பேச்ச நம்பிக் குடுத்தாங்க. பொம்பளைங்க கொழந்தைய முதுவுல கட்டிக்கினு குழி வெட்டினாங்க. இப்ப குழில தண்ணி நிக்குது, தவள கத்துது. நான் போய் அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

நியாயமான கோபம். ரேஞ்சரின் இடத்தில் நான் இருந்திருந்தால் பூச்சியைப் பற்றி அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். அவர் விளக்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இட்லி வாங்கி வரச் சொன்னார். தலைவர் சாப்பிட்டு முடித்ததும், "வாங்க, கொஞ்ச தூரம் நடப்போம்" என்று கண்ணமங்கலம் சாலையோரம் இருந்த ஒரு வயலுக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

அங்கே ஒரு அம்மாள் கேழ்வரகு நாற்று விட்டிருந்த பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்தாள். பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் கோடு போட்டிருந்தது.

"இன்னாம்மா, முளைச்சுதா?" என்றார் ரேஞ்சர்.

"எங்கங்க மொளைக்கிறது! ரெண்டாந் தடவ வெதச்சிருக்கேன். மொத வெதய மழ வர்றதுக்கு முன்னியே தூக்கிக்கினு போய்ட்டுதுங்க. சாம்பலு போட்டா ஒரு நாளைக்கி நிக்கிது, மறுநாளு அதும்மேலயே நடக்குது. வூட்டுல ஆடு குட்டி ஒண்ணு போட்டுது. எழுந்து நிக்கறதுக்குள்ள கண்ணச் சுத்திக் கடிச்சி வெச்சிட்டுதுங்க. குருடாத்தான் கெடக்குது."

தலைவர் பாத்திப் பக்கம் குனிந்தார். மண்ணில் மெல்லிய வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு எறும்பின் வாயிலும் ஒரு கேழ்வரகு. நான் என் வழக்கப்படி எண்ணத் தொடங்கினேன். நூற்று முப்பதுக்கு மேல் முடியவில்லை, கால்மேல் ஏறிவிட்டன. தலைவர் அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

உங்களில் மலைக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சாமையைப் புழுதியில் விதைப்பார்கள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணைக் கீறி விதையைத் தூவிவிடுவார்கள். மழை எப்போது வருகிறதோ அதுவரை விதை மண்ணிலேயே கிடக்கும். பத்து நாளும் கிடக்கும், ஒரு மாதமும் கிடக்கும். அதற்கு யாரும் காவல் நிற்பதில்லை.

தலைவர் எழுந்தபோது குரல் மாறியிருந்தது. "நாங்க புழுதில வெதைக்கிறவங்க" என்றார். சாலைக்கு வந்த பிறகுதான், "அந்தச் செடி எதுவும் மேல வர வேணாங்க. ஒண்ணுகூட வேணாம். ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். உடனே, "ஆனா புளி வேணும். புளி இல்லன்னா நான் அந்த ஊர்ல தலைய நிமுத்தி நடக்க முடியாது" என்றும் சொன்னார்.

ரேஞ்சர் சிரித்தார். "போன மாசிப் பங்குனியில நீங்க தட்டின புளியில கொட்டை எங்க போச்சு?"

"கொட்டையா? ஒவ்வொரு வூட்டுலயும் மூட்ட மூட்டையா கெடக்குது. யாரு கேக்கறாங்க அத?"

"நான் கேக்கறேன். ஊற வெச்சு, குழிக்கு மூணு போடுங்க. உங்க மலையில காய்ச்ச கொட்டை, உங்க மலை மண்ணு. நாத்தை விட மெதுவாத்தான் வரும். ஆனா வரும்."

"எறும்பு வராதே?"

"உங்க வூட்டுக் கொட்டையில எங்க எறும்பு எப்படி வரும்?"

புளிக்கு வழி கிடைத்தது. தேக்குக்கு? ஒரு வருட நாற்று, கட்டைவிரல் பருமன். தேக்கைத் தண்டையும் வேரையும் வெட்டிக் குச்சியாக நடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மண்ணை முழுக்க உதறி வேரைக் கழுவ வேண்டும். நாற்றங்கால் தொட்டியருகே காவலர்களை நிற்க வைத்து ரேஞ்சர் இதைச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. அதுவரை பொத்திப் பொத்தி வளர்த்த மண். மூத்த காவலர் ஒருவர் பையைக் கிழித்தார், மண்ணைப் பிடித்தார், அப்படியே நின்றார்.

"கை வர மாட்டேங்குதுங்க ஐயா" என்றார்.

"எனக்கும் வராதுதான்" என்று ரேஞ்சர் அவர் கையிலிருந்து வாங்கினார். தொட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினார். மண் உடைந்து விழுந்தது. வேரைக் கழுவி, மேலும் கீழும் வெட்டி, ஒரு முழத்துக்கும் குறைவான மொட்டைக் குச்சியாக என்னிடம் நீட்டினார். "ஒண்ணு. எண்ணிக்க." அன்று என் எண்ணும் பழக்கத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. ஒவ்வொரு குச்சியையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, எறும்பில்லை என்று உறுதியான பிறகுதான் கட்டில் வைத்தேன். மூவாயிரத்தில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் தேறியது. என் கை கால்களில் கொப்புளமில்லாத இடமில்லை. உடைத்த மண்ணையெல்லாம் அங்கேயே குவித்துக் கொதிநீர் ஊற்றினோம். புளி நாற்று நாலாயிரத்து இருநூறும் நாற்றங்காலிலேயே நின்றுவிட்டது.

பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது நட்டுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. தேக்குக் குச்சிகள் துளிர்க்கவில்லை. புளியங்கொட்டையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தலை காட்டியிருந்தது. சரிவு முழுக்க மூடிய குழிகள், அங்கங்கே நட்டு வைத்த குச்சிகள். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே மனசு கேட்கவில்லை.

அதிகாரி சரிவின் விளிம்பில் நின்றார். "ரேஞ்சர், என்னய்யா இது? செடி எங்கே?"

"புளி நாத்து கீழே இருக்கு சார். ஏத்தலை."

"எறும்பு காரணம்னு எழுதியிருந்தீங்க. நான் படிச்சப்பவே நம்பலை. எறும்பு எந்த ஊர்ல இல்லை?"

ஊர்த் தலைவர் குறுக்கே வந்தார். "நாங்கதாங்க வேணாம்னு சொன்னோம்." அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. ரேஞ்சர் அதிகாரியைச் சரிவு முழுக்க நடத்திக் காட்டினார். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் எண்ணிக்கை சொன்னேன். வெயில் ஏறிவிட்டது. ஊரிலிருந்து பச்சையம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் கொண்டு வந்தார்கள். நாற்காலி எதுவும் இல்லை. ஒரு பலா மரத்து நிழலில் புல்தரையில் இலை போட்டார்கள். அதிகாரி பேன்ட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தார். பசி. இரண்டாம் தடவையும் சோறு வாங்கினார். குழம்பு எப்படி வைத்தார்கள் என்று பச்சையம்மாவைக் கேட்டார். "கொள்ள வேவ வெச்சித் தாளிக்கறதுதாங்க. இதுல இன்னா அதிசயம்?" என்றாள் அவள். அதிகாரி சிரித்தார். சிந்திய பருக்கை அவர் கால் பக்கமெல்லாம் கிடந்தது. சின்னக் கறுப்பு எறும்புகள் நாலைந்து வந்து ஆளுக்கொரு பருக்கையை இழுத்துக்கொண்டு போயின. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சாப்பாடு முடிந்த பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது.

"சரி ரேஞ்சர். அந்த எறும்பு இந்த மலையில இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம்? அதைச் சொல்லுங்க. நான் மேலே எழுதணும்."

ரேஞ்சர் தன் இலையை மடித்துக்கொண்டே சொன்னார். "அரை மணி நேரமா தரையில உக்காந்து சாப்பிட்டீங்க சார். நம்ம நாற்றங்கால்ல இப்படி உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியாது."

அதிகாரி உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தார். எச்சில் படாத இடக்கையைப் புல்லின்மேல் வைத்தார். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

ஜீப் ஏறும்போது இரண்டு உத்தரவு போட்டார். அடுத்த வருடத்திலிருந்து இந்த மலைக்கு வேண்டிய நாற்றை இந்த மலை மண்ணிலேயே வளர்க்க வேண்டும். இலக்கு குறைந்ததற்கு ரேஞ்சர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அந்த வருடப் பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசிக்குள் தேக்கில் முக்கால்வாசி துளிர்த்தது. புளி இரண்டாயிரத்துக்கு மேல் முளைத்தது. கொஞ்சத்தைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது. நான் அங்கே இருந்த வருடங்களில் அந்த எறும்பு அந்தச் சரிவில் இல்லை. பிறகு சாலை வந்தது, லாரிகள் ஏறின. இப்போது எப்படியோ, எனக்குத் தெரியாது. தெரியாததுதான் கவலையாக இருக்கிறது. நீங்கள் நாற்று ஏற்றும்போது பையைக் கிழித்துப் பார்க்கிறீர்களா? எத்தனை பையில் ஒன்றை?

அன்றைக்கு அதிகாரியின் ஜீப் வளைவில் மறைந்ததும், ரேஞ்சர் ஊர்த் தலைவர் பக்கம் திரும்பினார். "கவுண்டரே, தண்ணிக்குப் பக்கமா கால் ஏக்கர் எடம் வேணும். நாத்து போட."

"இப்பவேவா? விளக்கம் எழுதச் சொன்னாரே அந்த ஐயா?"

"அது சாயந்தரம் எழுதிக்கலாம். வெளிச்சம் இருக்கும்போது எடத்தைப் பார்த்துடுவோம்."

தலைவர் முன்னால் நடந்தார். ரேஞ்சர், கீழே நாற்றங்காலில் ஒருநாளும் கழற்றாத செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அவர் பின்னால் போனார்.